சாம்பல் தூசிக்கு மிஸ்ட் கேனன் வாங்கலாமா?

பல்லடம் பக்கம் ஃப்ளை ஆஷ் கல் (அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் செங்கல்) யூனிட் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: சாம்பல் பல்கரில் (தூள் ஏற்றும் டேங்கர் லாரி) வந்து, காற்றழுத்தத்தில் சைலோவில் (தூள் சேமிக்கும் உயரமான தொட்டி) ஏறுகிறது, கிரஷர் டஸ்ட் (கருங்கல் உடைக்கும்போது வரும் தூள்) டிப்பரில் வருகிறது, சிமென்ட் மூட்டையாக வருகிறது. கிழக்குப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், ஓலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது என்று சண்டைக்கு வருகிறார். தண்ணீரைப் புகையாக அடிக்கும் மிஸ்ட் கேனன் எது வாங்கலாம், எத்தனை மீட்டர் ரேஞ்ச் போதும்? மெஷினைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அவருக்கு முதலில் தெரிய வேண்டியது தூசி எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்பதுதான். அது தெரியாமல் கேனன் வாங்குவது, கூரையில் ஓட்டை எங்கே என்று பார்க்காமல் வீடு முழுக்கப் பாத்திரம் வைப்பதற்குச் சமம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் ரெடிமிக்ஸ் பிளாண்ட் மெயின்டெனன்ஸில் இருந்தவன். இப்போது சிறிய கல் யூனிட்டுகளுக்கும் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் இடத்தை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் எந்த இடத்திலும் பொருந்தும் என்று அடித்துச் சொல்லக்கூடியதையும், உங்கள் இடத்தில் சோதித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

அடித்துச் சொல்லக்கூடியது முதலில். தூளைத் தூசியாக்குவது காற்று. ஒரு தொட்டிக்குள் ஒரு கன மீட்டர் தூள் விழுந்தால், அங்கே இருந்த ஒரு கன மீட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். வரும்போது வெறுங்கையோடு வராது. சாம்பல் இந்த விஷயத்தில் சிமென்டை விட மோசம். அனல்மின் நிலையத்தில் புகைபோக்கிக்குப் போகும் முன் பிடிக்கப்படும் இந்தச் சாம்பலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள். அதனால்தான் காற்று ஏறிய சாம்பல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, கேஸ்கட்டில் மயிரிழை சந்து இருந்தாலும் அதில் வழிகிறது. சாம்பல் நைஸாக இருந்தால் கல் நன்றாக இறுகும் என்று நாமே தேடி வாங்குகிறோம். பறப்பதும் அந்த நைஸ்தான்.

அசையாத காற்றில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சாம்பல் துகள் தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடலாம். 100 மைக்ரான் துகள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நாலைந்து நொடியில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். 2 மைக்ரான் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் ஐந்து நிமிடத்தில் அந்த 10 மைக்ரான் துகள் 800 மீட்டர் தாண்டிவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் பக்கம் வரும் காற்று இதைவிட வேகம். அம்மியே பறக்கும் என்பார்களே, சாம்பலுக்குக் கேட்கவா வேண்டும்? ஆகவே வெளியே போன தூசியைத் துரத்திப் பிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வெளியேறும் இடத்திலேயே பிடித்தால்தான் உண்டு.

இனி உங்கள் சைலோ. எனக்குத் தெரிந்து அக்கம்பக்கப் புகார்களில் பெரும்பகுதி பல்கர் இறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது. பல்கரின் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 600 முதல் 900 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறை இருபது முப்பது நிறைய இருக்கும் காற்று அது. அத்தனையும் சைலோ தலையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஃபில்டர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைப்பது 24 சதுர மீட்டர் துணிப்பரப்பு உள்ள ஃபில்டர். அது சுத்தமாக இருந்தால் இந்தக் காற்றுக்குத் தாராளமாகப் போதும். பிறகு ஏன் புகைகிறது? இறக்கி முடிக்கும் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். பல்கர் தொட்டி காலியாகும்போது உள்ளே இருப்பது 30 கன மீட்டர் இடமும் அதில் அடைந்திருக்கும் அழுத்தமும்தான். கேஜில் ஒரு பார் (ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு) காட்டினால், வெளியே வந்ததும் 30 கன மீட்டராக விரியும் காற்று அங்கே காத்திருக்கிறது. குழாயில் தூள் நின்றதும் தடுக்க ஆள் இல்லாமல் அவ்வளவும் ஒரே நிமிடத்தில் சைலோவுக்குள் பாயும். கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டே இருந்தால் ஃபில்டர் வழக்கமாகப் பார்ப்பதைப் போல மூன்று மடங்கு காற்றை அந்த நிமிடம் பார்க்கும். அப்போது எழும் புகைதான் தோப்புக்காரர் கண்ணில் படுவது.

இதற்குப் பத்து பைசா செலவில்லை. பல்கர் கேஜ் முள் இறங்கத் தொடங்கியதும் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லுங்கள், வால்வைப் பாதி மூடச் சொல்லுங்கள், மிச்சக் காற்று மெதுவாகக் கசிந்து போகட்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். டிரைவர் முணுமுணுப்பார், டீ வாங்கிக் கொடுங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கப்ளிங்கை (குழாய் இணைப்பை) கழற்ற வேண்டும். அவசரத்தில் கழற்றினால் இடுப்பு உயரத்தில் ஒரு சாம்பல் மேகம், அதுவும் கழற்றுகிறவர் முகத்திலேயே.

இந்த விஷயத்தில் நானே பட்டுத்தான் திருந்தினேன். பிளாண்டில் சேர்ந்த புதிதில், ஒரு மார்கழி ராத்திரி, சிமென்ட் பல்கர். ஃபில்டர் துணியை உதறிச் சுத்தம் செய்ய ஐந்தாறு பாரில் காற்று போகும் லைன் ஒன்று உண்டு. அதில் லீக் இருக்கிறது என்று ஃபிட்டர் மத்தியானம் வால்வை மூடிவிட்டுப் போயிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. டிரைவர் வந்து, "சார், காத்து கொஞ்சம் ஏத்தி விடுறேன், அரை மணியில முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்" என்றார். எனக்கும் தூக்கம், சரி என்று தலையாட்டிவிட்டேன். இருபது நிமிடத்தில் மேலே பட்டென்று ஒரு சத்தம். ஃபில்டர் பெட்டியின் கிளாம்ப் தெறித்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சைலோ தலையிலிருந்து பனை உயரத்துக்கு வெள்ளை. அழுத்தம் ஏறினால் தானாகத் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வு இருந்தது. ஆனால் முந்தைய மழைக்காலத்தில் அதன் மூடியைச் சுற்றிச் சிமென்ட் படிந்து கல்லாகியிருந்தது, மூடி கடைசிவரை திறக்கவே இல்லை. பக்கத்து லாரி ஷெட்டில் நின்ற வண்டிகள் மேல் சிமென்ட் விழுந்து, விடியற்காலைப் பனியில் ஊறி, கண்ணாடிகளில் இறுகிப்போனது. இரண்டு நாள் வினிகரும் பிரஷ்ஷுமாக நானும் ஹெல்ப்பரும் தேய்த்தோம். "அண்ணே, அந்த வால்வை ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம்ல" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பல்கரில் ஒன்று இரண்டு பார் அழுத்தம் இருப்பது சாதாரணம். சைலோ அழுத்தம் தாங்கும் பாத்திரமே கிடையாது. அந்த ரிலீஃப் வால்வு சுமார் 0.05 பாரிலேயே திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை மேலே ஏறி அதன் மூடியைக் கையால் தூக்கிப் பாருங்கள், கட்டாயம் பெல்ட் மாட்டிக்கொண்டு. ஃபில்டரை உதறும் கம்ப்ரஸரின் டேங்கில் தினமும் காலையில் தண்ணீரை வடியுங்கள். ஈரக் காற்று துணியில் பட்டால் சாம்பல் அப்பமாக ஒட்டிக்கொள்ளும். பல்கர் இறக்கி முடித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் உதறல் ஓடட்டும், அப்போதுதான் துணி உண்மையில் சுத்தமாகும். இன்னொன்று, இறக்கத் தொடங்கும் முன் சைலோவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 20 டன்னுக்கு இடமிருக்கும்போது 30 டன் வண்டியை இணைத்துவிட்டு லெவல் இண்டிகேட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியவர்களின் ஃபில்டர் துணிகளை நான் நிறைய மாற்றியிருக்கிறேன்.

சைலோவிலிருந்து, கலவை போடும் பேன் மிக்சருக்கு வருவோம். தூளை நகர்த்திக் கொண்டுவரும் ஸ்க்ரூ கன்வேயர் வாயிலிருந்து சாம்பல் மிக்சருக்குள் திறந்தவெளியில் விழுகிறதா? பெரும்பாலான யூனிட்டில் அப்படித்தான். கன்வேயர் வாயிலிருந்து மிக்சர் மூடிவரை ஒரு கித்தான் குழாய் தைத்து மாட்டுங்கள், மிக்சர் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை கட்டுங்கள். உள்ளே போகும் தூளுக்கு ஈடாக வெளியே வரும் காற்றுக்கு ஒரே ஒரு வழி விட்டு, அதில் ஒரு சின்ன பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி) வையுங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 14-ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது: தூசியை உறிஞ்சும் கருவி தேவைப்பட்டால் அதைத் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வை, அந்த இடத்தையும் முடிந்தவரை மூடு. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு சரியான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை. போடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். ஈரமான கிரஷர் டஸ்ட் முதலில், கொஞ்சம் தண்ணீர், பிறகு சாம்பல், கடைசியில் சிமென்ட்.

கிரஷர் டஸ்ட் சுலபம். அதை நனைக்கலாம். எப்படியும் கலவைக்குத் தண்ணீர் வேண்டும், அந்தக் கணக்கில் கழித்துக்கொண்டால் போயிற்று. டிப்பர் வந்ததும் தார்ப்பாயை விலக்கிய கையோடு மேலே தெளித்து, மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தில் கொட்டுங்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்குச் சுவர் குவியலை விட உயரமாக இருக்கட்டும். சாம்பலையும் சிலர் டிப்பரில் கொண்டுவந்து தரையில் கொட்டுகிறார்கள். உலர் சாம்பலை அப்படிக் கொட்டுவதற்கு நல்ல முறை என்று ஒன்று கிடையாது. டிப்பர்தான் வரும் என்றால் ஈரப்படுத்திய சாம்பலாக அனுப்பச் சொல்லுங்கள். ஈரச் சாம்பலும் இரண்டு நாள் வெயிலில் மேல்தோல் காய்ந்து வெடித்தால் மறுபடி பறக்கும், அதனால் மூடியே வைக்க வேண்டும். சிமென்டுக்கு மட்டும் தண்ணீர் வைத்தியமே கிடையாது. மூட்டை பிரிக்கும் இடத்தில் ஸ்ப்ரே வைத்த ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும், அவருடைய ஹாப்பரை (மூட்டை கொட்டும் புனல் தொட்டியை) உளி வைத்துத்தான் திறந்தார்கள்.

மூட்டையைக் கொட்டுவதை விட, கொட்டிய பிறகு காலிச் சாக்கை உதறி மடிப்பதில்தான் அதிகத் தூசி. சாக்கு வியாபாரி நல்ல விலை கொடுப்பார் என்று சித்தாள்கள் அதைச் சுவரில் அடித்து உதறுவார்கள், மூக்குக்கு ஒரு முழம் தள்ளி. மூட்டையை ஹாப்பர் கம்பிகள் மேலேயே படுக்க வைத்து, அடியில் கிழித்து, மெதுவாக உருவச் சொல்லுங்கள். காலிச் சாக்கை உதறாமல் சுருட்டி இன்னொரு பெரிய சாக்குக்குள் திணிக்கட்டும். உதறாத சாக்குக்கு வியாபாரி குறைத்துக் கொடுக்கும் காசை நீங்கள் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சாயங்காலம் துடைப்பத்தால் உலர்வாகக் கூட்டுவதையும், கம்ப்ரஸர் காற்றால் சட்டையைத் தட்டிக்கொள்வதையும் இன்றே நிறுத்துங்கள். இரண்டும் அன்று முழுக்க விழுந்த தூசியை மறுபடி மூச்சு உயரத்துக்கு ஏற்றும் வேலை.

இப்போது மிஸ்ட் கேனன். இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன், ஏனென்றால் இது இடத்தைப் பொறுத்தது. பெரிய துளி தூசியைப் பிடிக்காது. துளி விழும்போது அதைச் சுற்றி வளையும் காற்று நைஸ் துகளையும் கூடவே ஒதுக்கிவிடும். துளி தூசிக்கு நெருக்கமான அளவில் சிறிதாக இருந்தால்தான் மோதி ஒட்டும். ஆனால் அவ்வளவு சிறிய துளி வெயிலில் நொடியில் காய்ந்துவிடும், காற்றில் தூசியைப் போலவே அடித்துக்கொண்டும் போய்விடும். மூடிய ஷெட்டுக்குள், டிப்பர் கொட்டும் இடத்தில், மேலே ஒரு குழாயில் வரிசையாக நாசில் வைத்து அடித்தால் பலன் உண்டு, அதை நான் பார்த்திருக்கிறேன். திறந்த மைதானத்தில் ஆனி ஆடிக் காற்றில் கேனன் அடித்தால் தோப்புக்காரருக்குச் சாம்பலோடு தண்ணீரும் கிடைக்கும். உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் நாசில் வாராவாரம் அடைக்கும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலியில் பச்சை வலை கட்டினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வலை காற்றின் வேகத்தைக் குறைக்கும், கரடுத் துகள் கொஞ்சம் விழும். நைஸ் சாம்பல் அதன் கண்ணி வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மர வரிசையும் ஏறத்தாழ அப்படித்தான், ஆனாலும் நடுங்கள், நிழலாவது கிடைக்கும்.

தோப்புக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள், வேலை செய்பவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஓலையில் தெரிவது சாம்பல். ஆனால் நெஞ்சுக்கு நான் அதிகம் பயப்படுவது கிரஷர் டஸ்டுக்குத்தான், ஏனென்றால் நம் பக்கத்துக் கருங்கல்லில் படிகச் சிலிக்கா கணிசமாக இருக்கிறது. சாம்பலிலும் கொஞ்சம் உண்டு. மூச்சில் போகும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 2016-இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேர சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு ஷிஃப்டில் ஒருவர் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர் என்றால் நாள் முழுக்க அரை மில்லிகிராம், அதாவது சில தூள் உப்புத் துகள்களின் எடை. இது கண்ணுக்குத் தெரியாத அளவு. காற்று தெளிவாக இருக்கிறதே என்ற நம்பிக்கைக்கு இங்கே மதிப்பில்லை. சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) வந்தால் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பு மாறாது. எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தெரிந்து வருடக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டவர்களும் உண்டு. எனவே இருமலோடு வருபவரை நெஞ்சக நோய் டாக்டரிடம் அனுப்பும்போது, இவர் கிரஷர் டஸ்டில் வேலை செய்கிறவர் என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள். அதற்கு மேல் மருத்துவம் என் எல்லை இல்லை.

வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு வியர்வைக்கு நல்லது, இந்தத் தூசிக்கு உதவாது. ஆஸ்பத்திரியில் போடும் நீல மாஸ்க்கும் அப்படியே, ஓரமெல்லாம் சந்து. தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ள என்95 வகை மாஸ்க் வாங்குங்கள். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. சிமென்ட் கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரை கால் மணி நேரமாவது ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிமென்டின் காரம் கண்ணைத் தின்றுவிடும்.

மெஷின் வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள், இரண்டுக்கும் சேர்த்து ஐநூறு ரூபாய் ஆகாது. முதலாவது, இருட்டிய பிறகு பிளாண்டை ஓட்டிவிட்டு, சந்தேகமான இடத்துக்குப் பின்னால் ஒருவரை நல்ல டார்ச்சோடு நிறுத்துங்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள், விளக்கு நேராகக் கண்ணில் படாமல் ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு. பகலில் தெரியாத தூசி, ஜன்னல் வெயிலில் மிதப்பது போல அப்படியே தெரியும். எந்த கேஸ்கட், எந்த மூடி, எந்த வெல்டிங் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது, நாலு எவர்சில்வர் தட்டில் வாசலின் மெல்லிசாகத் தடவி, யூனிட்டின் நாலு எல்லையிலும் ஆள் உயரத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஐந்தாவதாக ஒன்றைத் தோப்புக்காரரின் அனுமதியோடு தென்னைக்கு அடியில் வையுங்கள். மறுநாள் படிந்ததை வழித்து, பக்கத்துப் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பார்க்கக் கேளுங்கள். உருண்டை உருண்டையாக இருந்தால் அது சாம்பல், சைலோ ஃபில்டரையும் மிக்சரையும் பாருங்கள். உடைந்த கண்ணாடி மாதிரிக் கோணல்மாணலாக இருந்தால் பெரும்பாலும் கிரஷர் டஸ்ட். சிவந்த மண்ணாக இருந்தால் உங்கள் வண்டித் தடம். நான் போன யூனிட்டுகளில் பாதியில் இந்த மூன்றாவதுதான் பெரிய குற்றவாளி: சிந்திய சாம்பலையும் மண்ணையும் லாரிச் சக்கரம் அரைத்து அரைத்து எழுப்பியது. அங்கே கேட்டிலிருந்து சைலோ வரை காங்கிரீட் போட்டு, தினம் ஈரமாகக் கழுவியதில் புகார் நின்றது.

தட்டு வைக்கும் நாளில் பல்கர் வந்ததா, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். பல்கர் வந்த நாள் ஒன்று, வராத நாள் ஒன்று, குறைந்தது இரண்டு நாளாவது வேண்டும். வராத நாளிலும் தென்னைக்கு அடியில் அதே அளவு படிந்திருந்தால், பல்கர் இறக்குவதைச் சரிசெய்து பயனில்லை.